இறந்த ஓவியனின் கண்காட்சியில் ஒரு குரல்

1

றிஸ்வான் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். “மிஸ், இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. எனக்கு மட்டுந்தானா இப்பிடிக் கேக்குதுண்டு தெரியல்ல” என்றான்.

அவன் எங்கள் ஒலிப்பதிவாளன். தெஹிவளையிலிருந்து வருபவன், லேசில் பதறாதவன். நான் வசனம் எழுதுபவள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் டப்பிங் ஸ்டூடியோ இருந்தது. கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அது. நல்ல வெயில், காலை பத்தரை மணி.

டப்பிங்குக்கு வரும் படத்தோடு இரண்டு ட்ராக் வரும். ஒன்றில் நடிகர்களின் வசனம். மற்றதை எம் அண்ட் ஈ என்போம்; இசை, காலடி, கதவு, கூட்டத்தின் முணுமுணுப்பு எல்லாம் அதில் இருக்கும். வசன ட்ராக்கை மூடிவிட்டு, எம் அண்ட் ஈக்கு மேல் தமிழ்க் குரல்களை ஏற்றுவோம். றிஸ்வான் அன்றைக்கு வசனத்தை மூடியிருந்தான். திரையில் ஒரு கலைக்கூடம். நாயகியின் வாய் அசைந்தது, குரல் இல்லை. கண்ணாடிக் குவளைகள் உரசும் சத்தம். அதற்கு அடியில் ஓர் ஆண் குரல், அவசரமில்லாமல், பாடம் ஒப்பிப்பதுபோல:

“ஸ்டெல்லா அக்கா, நான் ஜெரோம். கொட்டாஞ்சேனை.” பிறகு ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம். “நான் சாகேல்லை. அம்மாட்டச் சொல்லு.”

அதையே மூன்று முறை சொன்னது. மூன்றாவது முறை ‘அம்மா’ என்ற இடத்தில் நாயகி கதவைத் திறந்தாள், காட்சி மாறிவிட்டது.

இரண்டாம் தடவை கேட்டபோது விலாசத்தைத் தாளில் எழுதிக்கொண்டேன்.

2

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தொலைக்காட்சிக்காக எண்பதுகளின் அமெரிக்கப் படங்கள் ஆறு வந்திருந்தன. ஆறும் நியூயோர்க் ஓவியர்களின் கதை. அப்போதைய படக்காரர்களுக்குக் கலை உலகம் என்றால் ஒரே அச்சுத்தான். ஓவியன் பழைய தொழிற்சாலையில் குடியிருப்பான். சாமான் ஏற்றும் லிஃப்ட் நேரே வீட்டுக்குள் திறக்கும். தூரிகையை ஒருநாளும் கழுவமாட்டான், கத்துவான், துணியைக் கிழிப்பான். கலைக்கூடத்துக்காரி கறுப்பு உடுத்தி, தோளை உயர்த்தி, மெதுவாகக் கதைப்பாள். வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம். வருபவர்கள் ஆளை ஆள் பார்ப்பார்களே தவிர ஓவியத்தைப் பார்க்கமாட்டார்கள். வசனத்தின் நீளத்துக்காக நான் எப்போதும் நேரம் அளந்து பார்ப்பேன். ஒருவரும் ஓர் ஓவியத்தின் முன் நாலு செக்கனுக்கு மேல் நின்றதில்லை. ஓவியன் செத்தால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தப் படத்தில் ஓவியன் கடலில் விழுந்து செத்துவிட்டதாக நம்பவைத்து, கடைசியில் உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவார்கள். குரல் கேட்டது அவனுடைய அஞ்சலிக் கண்காட்சியில்.

இப்படிப்பட்ட முணுமுணுப்பை எப்படி எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏழெட்டுப் பேரை ஓர் அறையில் விட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்வார்கள். விளங்காத மொழி என்றால் இன்னும் நல்லது. வசனப் பட்டியலில் அந்த இடத்துக்கு நேரே ‘தெளிவற்ற பேச்சு’ என்று மட்டும் இருந்தது.

எங்கள் முதலாளி நகுலனும் ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு தொழில்காரராகத்தான் யோசித்தார். “ஓவியன் செத்துப்போனான் எண்டு கடைசிவரைக்கும் சனத்தை நம்பவைக்க வேணும். இடையில ஒருத்தன் நான் சாகேல்லை எண்டு தமிழில சொன்னா, கதையே போச்சு. அதை எடுத்துப்போட்டு வேற சத்தத்தைப் போடுங்கோ.”

நான் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

3

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை இப்போதும் இருக்கிறது. கதவைத் திறந்த பெண்ணுக்கு எழுபதுக்குக் கிட்ட இருக்கும். ஸ்டெல்லாவா என்று கேட்டேன். ஓம் என்றார். பின்னால் சுவரில் மாலை போட்ட இளைஞனின் படம் இருந்தது. எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், ஜெரோம் யாரென்று கேட்டேன்.

“தம்பி. எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில செத்தவன்” என்றார்.

புறக்கோட்டையில் ஒரு கடையில் ஜெரோம் வேலை செய்தானாம். காலையில் போனவன் திரும்பவில்லை. கடை எரிந்துவிட்டது. உள்ளே அடையாளம் தெரியாமல் இரண்டு உடல்கள். உயரத்தைப் பார்த்து ஒன்றை இவர்கள் வாங்கி அடக்கம் செய்தார்கள். அதன்பிறகு குடும்பம் அகதி முகாமுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய், இரண்டு வருடம் கழித்துத்தான் இந்த வீட்டுக்குத் திரும்பியது. அதற்கிடையில் கடிதம் வந்திருந்தாலும் வாங்க ஆளில்லை.

படத்தில் கேட்ட குரலைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஹெட்போனை றிஸ்வான்தான் காதில் பூட்டிவிட்டான். முதல் தடவை முடிந்ததும் விரலால் இன்னொருமுறை என்று காட்டினார். நாலாவது தடவைக்குப் பிறகு கழற்றினார்.

“அவன்தான். அம்மா எண்டு சொல்லேக்க கடைசியில இழுப்பான்.”

திரையில், நாயகிக்குப் பின்னால் தட்டு ஏந்திக்கொண்டு ஒரு கறுத்த இளைஞன் இரண்டு செக்கன் வருவான். அவனாக இருக்குமோ என்று நிறுத்திக் காட்டினோம். கிட்டப் போய்ப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். படம் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். ஜெரோம் எங்கும் இல்லை. குரல் மட்டுந்தான் இருந்தது.

ஸ்டெல்லா கதிரையில் உட்கார்ந்தபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“அப்ப நாங்கள் ஆரை அடக்கம் பண்ணினம்?”

ரயில் போனது. அது போய் முடிந்த பிறகும் நாங்கள் வேலையைத் தொடங்கவில்லை.

4

படத்தின் உரிமைக்காரர்களுக்கு எழுதினேன். அந்த நாளைய துணை ஆட்களின் விபரம் எதுவும் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. கப்பலில் போயிருக்கலாம் என்றார் ஸ்டெல்லா. துறைமுகத்தில் அவனுக்குச் சிநேகிதர்கள் இருந்தார்களாம். நாற்பது வருடமாக ஏன் வரவில்லை, இப்போது எங்கே, இருக்கிறானா என்று ஒன்றும் தெரியவில்லை.

கண்காட்சிக் காட்சிக்குத் தமிழ் முணுமுணுப்பு எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாக எங்கள் குரல் கலைஞர்களையே நிற்க வைப்போம். இந்தமுறை ஸ்டெல்லாவையும் கூப்பிட்டேன். விரும்பினதைச் சொல்லுங்கோ, நாங்கள் ஒருத்தரும் திருத்தமாட்டம் என்றேன். மைக்குக்கு முன்னால் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் மழையையும் பஸ்ஸையும் பற்றி முணுமுணுக்க, அவர் சொன்னார்:

“ஜெரோம், கேட்டிட்டன். வீடு மாறேல்லை. அம்மா இல்லை, நான் இருக்கிறன்.”

றிஸ்வான் இரண்டு குரலையும் ஒரே காட்சியில் வைத்தான். ஜெரோம் ஒருமுறை சொல்லி முடிக்கும் இடத்தில் ஸ்டெல்லா தொடங்குவார். இடையில் நாற்பது வருடம் என்று கேட்பவருக்குத் தெரியாது. மிக்ஸை நகுலன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “கொஞ்சம் குறைச்சு வையுங்கோ” என்றார். எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் படம் ஒளிபரப்பாகியது. பிறகு இணையத்திலும் போட்டார்கள். யாரும் தொடர்பு கொள்ளவில்லை. அந்தக் காட்சியை நான் மறுபடி பார்த்ததில்லை. பார்க்கப் பயம் என்று சொல்வதில் வெட்கமில்லை.

டப்பிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இதுதான். பட்டியலில் ‘தெளிவற்ற பேச்சு’ என்று இருந்தால், வசனத்தை மூடிவிட்டு அந்த இடத்தை ஒருமுறையாவது கேளுங்கள். அங்கே யாரோ ஒருவர் உண்மையாகவே பேசியிருக்கிறார்.

போன கார்த்திகை மாதம் ஸ்டெல்லாவை மாதா கோயில் வாசலில் கண்டேன். இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தாயின் பெயர் இருந்தது, தகப்பனின் பெயர் இருந்தது. ஜெரோமின் பெயர் இல்லை. மூன்றாவதாக, கொஞ்சம் யோசித்து, ‘எங்கள் கல்லறையில் இருப்பவர்’ என்று எழுதிக் கொடுத்தார்.