சாமி எடுத்துக் கொடுத்த நிறம்

யுத்தம் முடியும்வரை எங்கள் வீட்டுக் கார் ஒரு கருப்புக் கோழியின் வசம் இருந்தது. பெட்ரோல் ரேஷனுக்குப் போனதும் தாத்தா அதை வண்டிக் கொட்டகையில் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டார். எலிகள் பின் சீட்டின் தோலைக் கடித்து உள்ளிருந்த நாரை வெளியே இழுத்துப் போட்டன. அது மெத்தென்று இருப்பதைக் கண்டுகொண்ட கோழி, அங்கேயே முட்டையிட்டு அடைகாக்கவும் தொடங்கியது. கதவைத் திறந்து ஏறி முட்டை எடுத்து வருவது என் வேலை. அந்த வகையில், எங்கள் குடும்பத்தில் யுத்த காலம் முழுக்கக் காரை விடாமல் பயன்படுத்தியவள் நான் ஒருத்திதான்.

குரும்பலூருக்கு மேற்கே, பச்சைமலை தெரிகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்கு எட்டு வயது. அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது வீட்டிலேயே போயிற்று. இரண்டாவதற்கு அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போக அப்பா பெரம்பலூரிலிருந்து ஒரு வாடகைக் கார் கொண்டுவந்தார். பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிப் புகையில் ஓடுகிற கார் அது. பாடாலூர் தாண்டுவதற்குள் நான்கு தடவை நின்றதாம். திருச்சிக்குப் போகாமலே திரும்பி வந்தார்கள். அம்மாவை உள்ளே படுக்க வைத்ததும், டிரைவர் பின் சீட்டைக் கழற்றி எங்கள் கிணற்றடிக்குத் தூக்கிப் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். "இனிமே இதுல யாருங்க ஏறுவாங்க, என் பொழப்பு போச்சுங்க" என்று அவர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது. யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிணற்றடி அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே.

அதனால்தான் இந்தத் தடவை சொந்தக் காரைக் கிளப்புவது என்று முடிவாயிற்று. இந்தப் பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் பிறக்க வேண்டும் என்பதில் தாத்தா உறுதியாக இருந்தார். பெரம்பலூர் மெக்கானிக் வந்து இஞ்சினைச் சரிபண்ணினார். கோழி வெளியேற்றப்பட்டது. அதற்கு வருத்தப்பட்டவர்கள் இரண்டு பேர், கோழியும் நானும். பிறகு சீட்டுக்காகத் திருச்சியிலிருந்து ஒரு பாய் வந்தார். தையல் மிஷினைப் பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டு, துணிச் சாம்பிள்களை ஒட்டிய தடித்த நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

இஞ்சின் விஷயத்தில் வாயே திறக்காத எங்கள் வீட்டு ஆண்கள், சீட்டு விஷயம் என்றதும் ஆளுக்கு ஒரு நிபுணராகிவிட்டார்கள். பழையபடி தோலே போட்டால் இருபது வருஷம் உழைக்கும் என்றார் பாய். தாத்தா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மாட்டுத் தோலுமேல உக்காந்து கோயிலுக்குப் போறதா? இத்தன நாளு தெரியாம உக்காந்ததே போதும்."

தாத்தா வாசலில் விட்டிருந்த செருப்பும் மாட்டுத் தோல்தான். அதைப் பாயும் பார்த்தார், நானும் பார்த்தேன். "அப்படியே ஆவட்டுங்க அய்யா" என்று அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அது ரெக்ஸின். பளபளவென்று இருந்தது. சித்தப்பா ஒரு துண்டை வெயிலில் கால் மணி நேரம் வைத்து, பரீட்சை செய்வதாகச் சொல்லி அதன்மேல் உட்கார்ந்து, உடனே எழுந்தார். ரெக்ஸினும் போயிற்று. மிச்சம் இருந்தது காருக்கென்றே நெய்த தடித்த துணி.

இதற்கிடையில் அம்மா என்னைச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கவிட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் இருக்கும் இடத்தில் அவள் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் வாயில் போட்டு அனுப்புவாள். அன்று அவள் கேட்டனுப்பியது ஒரே கேள்விதான். தோலுக்கும் அதைத்தான் கேட்டாள், ரெக்ஸினுக்கும் அதைத்தான் கேட்டாள், துணிக்கும் அதையேதான்.

"தண்ணி ஊத்திக் கழுவலாமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

மூன்றாம் தடவை எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பொம்பளைகளுக்குக் காரைக் கொடுத்தாலும் கழுவிக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள் என்றார் சித்தப்பா. பாய் மட்டும் சிரிக்காமல் எனக்குப் பதில் சொன்னார்.

"தோலுன்னா தொடச்சாப் போயிரும் பாப்பா. ரெக்ஸினும் அப்படித்தான். துணி குடிச்சிரும். உள்ள நாரும் ஊறிப் போயிரும். கழுவ முடியாதுன்னு அம்மாட்ட சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள். "என்னென்ன கலரு இருக்குதாம்?" என்று கேட்டாள்.

மூன்று இருந்தன. பாட்டில் பச்சை, அரக்கு, சந்தன நிறம். அப்பா பச்சை என்றார். சித்தப்பா சந்தன நிறம் என்றார். திருச்சியில் பார்த்த பெரிய மனிதர்களின் கார்களையெல்லாம் வரிசையாகச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அரக்கை யாரும் கேட்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் மத்தியானச் சாப்பாடுவரை விட்டுக்கொடுக்கவில்லை. காரை எந்த நிறத்திலாவது ஓட்டிவிட்டுப் போகலாம், வீட்டில் மனஸ்தாபம் வரக் கூடாது என்பது தாத்தாவின் கொள்கை. கல்யாணம், நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. சாமி முன்னால் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். கார் சீட்டுக்காகச் சாமியைக் கூப்பிட்டது ஜில்லாவிலேயே நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"மூணு கலரையும் கட்டிப் போடுங்க. விவரம் தெரியாத புள்ள எடுக்கட்டும்" என்றார் தாத்தா. விவரம் தெரியாத பிள்ளை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பொட்டலம் கட்டுவது அம்மாவின் வேலை. எது எதில் இருக்கிறது என்று ஆண்கள் பார்க்கக் கூடாது என்பதால் சமையலறையில் வைத்துக் கட்டினாள். ஒவ்வொரு துணித் துண்டையும் ஒரு சிட்டிகை திருநீறோடு வாழையிலையில் மடித்து நாரால் கட்டினாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். அரக்குத் துண்டைக் கட்டும்போது மட்டும் நாரில் இரண்டு முடிச்சு போட்டாள். பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன் பாரு, அத எடு கண்ணு."

"சாமிய ஏமாத்தலாமாம்மா?"

"சாமிக்குத் தெரியும் பாப்பா. நீ எடு."

கோயில் பிரகாரத்தில் வேகமாக நடந்தால்கூடக் கண்டிக்கிறவள் அம்மா. அவளா இப்படி? ஆனால் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அம்மா சொன்ன பொட்டலத்தை நான் எடுக்காமல் விட்டதற்குச் சாமி பக்தி காரணமில்லை. எனக்குச் சந்தன நிறம் பிடித்திருந்தது. அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தபோது பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. அரக்கு நிறத்தில் அம்மாவிடம் ஒரு பழைய புடவை இருந்தது. வீட்டில் தினமும் பார்க்கிற நிறத்தைக் காருக்குள்ளும் எதற்குப் பார்க்க வேண்டும்? சந்தனத் துண்டை வைத்த இலையின் ஓரம் கிழிந்திருந்தது. அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

விளக்கு முன்னால் தட்டில் மூன்று பொட்டலங்களும் இருந்தன. தாத்தா கற்பூரம் காட்டினார். அம்மா கதவோரம் நின்றாள். நான் கண்ணை மூடுவதுபோல மூடி, ஓரம் கிழிந்த பொட்டலத்தை எடுத்துத் தாத்தா கையில் கொடுத்தேன்.

சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பாவும் சாமி சொல்லிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எப்படிக் கேட்பாள்? என் குட்டு வெளிப்பட்டால் அவள் குட்டும் வெளிப்படுமே என்று நான் தைரியமாக இருந்தேன். எட்டு வயதில் எனக்கு அவ்வளவு விவரம் இருந்தது.

பாய் ஆறு நாள் வேலை செய்தார். பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துத் துருவைத் தேய்த்தார், புது நார் அடைத்தார், துணியை இழுத்து இழுத்துச் சின்ன ஆணிகளால் அடித்தார். முடித்தபோது கொட்டகைக்குள் நிலா விழுந்ததுபோல இருந்தது. உடனே சட்டங்கள் பிறந்தன. வெற்றிலை போட்டவர்கள் கார் பக்கம் வரக் கூடாது. எண்ணெய் தேய்த்த தலையோடு சாயக் கூடாது. சீட்டின்மேல் சித்தப்பாவின் சலவை வேட்டி ஒன்று எப்போதும் விரித்திருக்கும். "ஒரு கறை பட்டாலும் அவ்வளவுதான், போவாது" என்று பாய் போகும்போது சொன்னதை வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முறை சொன்னார்கள். அதிகம் சொன்னவள் நான். சாமி பெயரால் நான் எடுத்த நிறம், அதற்குக் காவல் நான்தானே.

திருச்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே ஒரு காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. ஊர் மருத்துவச்சி தன் வீட்டு வாசலிலேயே நின்று, "ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு நான் எதுக்கு" என்று முறுக்கிக்கொண்டு வர மறுத்துவிட்டாள். சித்தப்பா ஓட்ட, அப்பா முன்னால் உட்கார்ந்தார். திருச்சியில் பெரியம்மா வீட்டில் விடுவதற்காக என்னையும் ஏற்றினார்கள். சித்தப்பா வேட்டியை எடுத்துவிட்டார். சந்தனச் சீட்டு முதன்முதலாக ஆள் உட்காரத் தயாராக இருந்தது. அம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்தாள். மறு கையில் அந்தப் பழைய அரக்குப் புடவை இருந்தது.

நான் உள்ளிருந்து சொன்னேன்: "கால தொடச்சிட்டு ஏறும்மா. சீட்டு அழுக்காயிரும்."

அம்மா நின்றாள். கட்டியிருந்த புடவையின் தலைப்பால் ஒரு காலைத் துடைத்தாள், பிறகு மறு காலைத் துடைத்தாள். அதற்குப் பிறகு ஏறினாள்.

அரக்குப் புடவையை நாலாக மடித்துச் சீட்டின்மேல் போட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். இவ்வளவு அழகான துணியை மறைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம். பெரம்பலூர் தாண்டித் திருச்சி ரோட்டில் ஏறியதும் அவள் சீட்டைவிட்டு இறங்கிவிட்டாள். சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் முழங்காலிட்டு, புடவையையும் உருவித் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு, முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா திரும்பிப் பார்த்துப் பதறினார்.

"கீழ ஏன் உக்காந்த? மேல ஏறிச் சாஞ்சுக்க."

"இப்புடியே நல்லாருக்குங்க. நீங்க முன்னால பாருங்க."

பாடாலூர் வந்தது, போயிற்று. கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சமயபுரத்தில் அப்பா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா கும்பிடவில்லை, கையை எடுக்க அவளால் முடியவில்லை. கொள்ளிடத்துப் பாலத்தில் காற்று உள்ளே வந்தபோது, தண்ணீர் பார்க்க எனக்கு இரண்டு ஜன்னலும் கிடைத்தன.

அன்று சாயங்காலம் தம்பி பிறந்தான். அம்மாவும் பிழைத்தாள். மறுநாள் பெரியம்மா வீட்டு வாசலில் சித்தப்பா கார்க் கதவைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். நாற்பது மைல், அதுவும் பிரசவத்துக்குப் போன வண்டி, சீட்டில் ஒரு பொட்டுக் கறை உண்டா பாருங்கள் என்றார். நான்தான் அந்த நிறத்தை எடுத்தேன் என்று நானும் எல்லோரிடமும் சொன்னேன். அரக்குப் புடவையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது திரும்பி வரவுமில்லை.

பதினாறு வருஷம் கழித்து, என் முதல் பிரசவத்துக்காக அரியலூரில் ஒரு வாடகைக் காரின் கதவை எனக்குத் திறந்துவிட்டார்கள். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் முதலில் பார்த்தது சீட்டின் நிறத்தைத்தான், கறை பட்டால் தெரியுமா என்று. கிணற்றடியில் கேட்ட சத்தம், மூன்று தடவை கேட்டனுப்பிய கேள்வி, இரண்டு முடிச்சு, எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கின. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மா வலியால் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை, அவள் இருந்தவரைக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குத் திருச்சி ரோட்டில் எனக்கு அது தெரியாது. அத்தனை பெரிய சீட்டை அம்மா எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து, திருச்சி வரைக்கும் கால் நீட்டி உட்கார்ந்து போனேன்.