நான் வெட்டிய மூன்று வரிகள்

போன வருடம் கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

பதினாறு வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். இப்போது பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கிறேன். ஏஐ ஏஜென்ட் என்கிறார்களே, நாம் சொல்லும் வேலையைக் கம்ப்யூட்டரில் தானே செய்து முடிக்கும் மென்பொருள், அது பயன்படுத்தும் சிறு புரோகிராம்களான கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. குறிப்பை ஏஜென்ட்தான் படிக்கும். படித்ததை வைத்துத்தான் கருவியைக் கையாளும்.

அன்று வந்தது ஃபைல்களை அழிக்கும் கருவி. புரோகிராமர் அனுப்பிய குறிப்பு நீளமாக இருந்தது. ஃபோல்டரைச் சொன்னால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் அழிக்கும் முன் மனிதரிடம் கேள். ஒரே எச்சரிக்கையை எதற்கு மூன்று விதமாகச் சொல்கிறார் என்று பட்டது. செய்தி மேசையில் வெட்டிப் பழகிய கை. மூன்று வரியையும் எடுத்துவிட்டு, 'கொடுத்த ஃபைலை அல்லது ஃபோல்டரை நீக்கும்' என்று சுருக்கினேன். படிக்க நன்றாக இருந்தது.

என் லேப்டாப்பிலேயே சோதித்தேன். தேவையில்லாத படங்களை நீக்கி இடத்தைக் காலி செய் என்று ஏஜென்டிடம் சொன்னேன். சில நொடிகளில் பதில் வந்தது. வேலை முடிந்தது, இரண்டு ஃபோல்டர்கள் நீக்கப்பட்டன. சோதனைக்காக நான் வைத்திருந்தது ஒன்றுதான்.

இன்னொன்று என் கொழுந்தியாளுடையது. சித்தேரி மலைக் குடும்பங்கள் நிலப் பட்டா கேட்டு விண்ணப்பிக்க உதவும் சிறிய அமைப்பில் அவள் வேலை செய்கிறாள். நாற்பத்தொரு குடும்பங்கள், சாமை விளைந்து நின்ற தங்கள் கொல்லையில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அதில் இருந்தன. அங்கே பயிர் செய்கிறார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. அடுத்த வாரம் அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். மறுபடி எடுக்கலாம் என்றால் அறுவடை முடிந்துவிட்டது. முந்தின நாள்தான் கேமராவிலிருந்து என் லேப்டாப்பில் ஏற்றி, மெமரி கார்டை நானே காலி செய்து கொடுத்திருந்தேன். வேறு பிரதி இல்லை.

கார்டில் அழித்ததை மீட்க வழி உண்டு, அதன் மேல் புதுப் படம் எடுக்காதவரை. அவளோ அன்று அறுவடை முடியாத இன்னொரு ஊரில் படம் எடுக்கத்தான் மலைக்குக் கிளம்பியிருந்தாள். அரூரில் மலைப் பேருந்துக்காக நிற்பதாகச் சற்று முன்தான் போனில் சொல்லியிருந்தாள். உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. லேப்டாப்பை மூலை முடுக்கெல்லாம் தேடினேன். மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன், ஒன்றும் வரவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கூட்டிப் பார்த்தேன். நாற்பது நிமிடம் போனது.

நான் கூப்பிட்டபோது பேருந்து மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"போட்டோ ஒண்ணுகூட எடுக்காத. கேமராவத் தொடாத."

"ஏன் மாமா, நேத்து நீங்கதான க்ளீன் பண்ணிக் குடுத்தீங்க? அங்க ஜனங்க வேலைக்குப் போவாம..."

லைன் போய்விட்டது. அதன்பின் எத்தனை முறை அழைத்தும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அறிவிப்புதான். அவளை எப்போதும் கேலி செய்கிறவன் நான். இதையும் விளையாட்டு என்று நினைத்து ஒரு படம் எடுத்தால் போதும், பழையது போய்விடும். பைக்கை எடுத்துக்கொண்டு அரூர் போனேன். இரண்டு மணியிலிருந்து பேருந்து நிலையத்தில் நின்றேன்.

ஐந்தரை மணிக்கு இறங்கினாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அத்தன பேரு முன்னாடி கேமராவ மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஏம்மான்னு கேட்டா, எங்க மாமா சொல்லிட்டாரு, ஏன்னு எனக்கே தெரியாதுன்னு சொன்னேன். சிரிக்கறாங்க. இப்பவாவது சொல்லுங்க."

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் போனை எடுத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சது மாமா?"

பத்தரைக்கு என்றேன்.

"பதினொன்னு பத்துக்குத்தான கூப்புட்டிருக்கீங்க."

நான் பைக்கைக் கிளப்பினேன். மறுநாள் தர்மபுரியில் ஒரு கடையில் கார்டைக் கொடுத்தோம். முப்பத்தெட்டு குடும்பங்களின் படங்கள் கிடைத்தன. மூன்று திறக்கவே இல்லை. அந்த மூன்று குடும்பங்களுக்காக அவள் திரும்ப மலையேறி, பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வந்தாள்.

வெட்டிய வரிகளை அன்றே சேர்த்துவிட்டேன். ஏஜென்டுக்குப் பயம் கிடையாது, அதற்கும் சேர்த்து நாம்தான் பயந்து எழுத வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் பயம் தெரிந்த நான், அந்த நாற்பது நிமிடம் யாருக்காகப் பயந்தேன் என்று இன்றும் கேட்டுப் பார்க்கிறேன். எப்படிக் கேட்டாலும், எனக்காக என்ற ஒரே பதில்தான் வருகிறது.