அஞ்சாம் மாசம் வரைக்கும் யாருக்கும் காட்டாதே

போனில் படம் அனுப்பிக் கொடுப்பது சின்ன வேலைதான். அனுப்பிய படத்தைத் திரும்பப் பிடித்து வருவதற்குள்தான் உயிர் போய்விடும். அம்மாவுக்கோ அத்தைக்கோ இந்த உதவியைச் செய்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது புரியும். கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் இந்தப் பதவி தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவே மதியம் நீண்டுகொண்டே போகும். அப்போது யார் கதவைத் தட்டினாலும் மறுக்க மனம் வருவதில்லை.

கொடுத்தால் குறையாது

தெருமுனையில் பூ விற்கும் செல்வி, புதுப் பாவாடையில் மகள் நிற்கும் படத்தைப் பெருங்குடியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பச் சொன்னாள். நான் விரலை வைக்கப் போகும்போதெல்லாம் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அனுப்பிவிட்டால் தன்னிடம் இருக்காது என்று பயம். ஒருவழியாக அனுப்பினேன். படம் அங்கே போனதையும் இங்கேயே இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். “இன்னாமா இது, குட்த்தாலும் நம்மகிட்டயே கீது! பூவையும் இப்டி விக்க முடிஞ்சா எவ்ளோ நல்லாருக்கும்!”

மேலே இருந்த பெயர்

இரண்டாம் மாடி மைதிலியின் மகள் பெங்களூரில் இருக்கிறாள். மூன்றாம் முறை கருவுற்றிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் எல்லோருக்கும் சொன்ன பிறகுதான் போயிற்று என்று அவள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. “அஞ்சாம் மாசம் வரைக்கும் அப்பாவைத் தவிர யாருக்கும் காட்டாதேம்மா” என்று சொல்லி, ஸ்கேன் படத்தை அனுப்பியிருந்தாள்.

அப்பா கும்பகோணத்தில் தம்பி வீட்டில் இருந்தார். “அம்புக்குறியை அழுத்து, அப்புறம் பேரை அழுத்து” என்று மைதிலிக்குச் சொன்னேன். அழுத்தினாள். மேலே இருந்த பெயர் கணவருடையது அல்ல; காலையிலிருந்து சச்சரவு ஓயாத எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுடையது. நான் கையை நீட்டுவதற்குள் பதறிப்போய் அழித்தும்விட்டாள், தன் போனில் மட்டும். “போயிடுத்து மாமி, பாருங்கோ, ஒண்ணுமே இல்லை!”

என் போனில் இருந்தது

சாம்பல் நிறத்தில், நடுவே மங்கலாக ஒரு சின்ன வெளிச்சத்தோடு, படம் என் போனில் அப்படியே இருந்தது. இனி குழுவை நடத்தும் செயலாளர்தான் அதை நீக்க முடியும். அவரைக் கூப்பிட்டோம், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மதியத் தூக்கம். “இந்த ஒண்ணைத்தானே மாமி கேட்டா. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்று மைதிலி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் மாடிக்காரர் ஏதோ எழுதுவதாகத் திரை காட்டியது. இருவரும் திரையின் மேல் குனிந்தோம். அந்தக் குழுவில் வரும் படங்களில் பாதி, ஒழுகும் சுவர்களின் படங்கள். எழுத்து வந்து விழுந்தது: “எங்க பாத்ரூம் சுவரும் இதே மாதிரிதான் ஊறிப்போய் இருக்கு. செக்ரட்டரி உடனே கவனிக்கணும்.”

பிளம்பர் வந்தார்

தூங்கி எழுந்த செயலாளர், “படம் தெளிவா இல்லை, எடுத்துடுங்கோ” என்று மைதிலி சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துவிட்டார். ஆனால் பொறுப்பான மனிதர்; மறுநாள் காலையிலேயே பிளம்பரை அனுப்பிவைத்தார். வந்தவர் மைதிலி வீட்டுக் குளியலறைச் சுவரைத் தட்டினார், தடவினார், காதை வைத்துக்கூடப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மைதிலி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிளம்பர் அவளைப் பார்த்துச் சொன்னார்: “கெட்டியா கீதுமா. ஒண்ணும் ஆவாது, தைரியமா இரு.”

ஐந்தாம் மாதம் வளைகாப்புப் படத்தை மைதிலி தானே எல்லோருக்கும் அனுப்பினாள். நாலு பேருக்குப் படம் காட்டுவதற்கென்றே இருக்கும் இந்த வேலையில், யாரும் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதற்காக நான் நன்றி சொன்னது அந்த ஒரு மதியம் மட்டும்தான்.