தம்பியின் தலையில் ஒட்டிய வயர்கள்

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வதுதான் அக்காவின் வேலை. இருபது வருஷமாக ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், வருகிறவர்களின் தலையை டேப்பால் அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி வயர் ஒட்டுகிறாள். தம்பி கல்லூரியில் அறிவியலின் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன். மனசு என்று தனியாக எதுவும் இல்லை, மூளை பார்க்கும் வேலைக்குத்தான் அந்தப் பெயர் என்பது அவன் கட்சி.

"அப்படின்னா என் மெஷின்ல ஒரு நாளாவது அது மாட்டியிருக்கணுமேடா!" என்று அவள் சீண்டுவாள்.

அப்பா இறந்த அன்று அந்தப் பேச்சு விளையாட்டாக இல்லை. "அப்பா இப்ப எங்கடா இருப்பார்?" என்று அழுதவளிடம், "எங்கயும் போகலக்கா. நின்னுட்டார், அவ்வளவுதான்" என்றான். ஈவிரக்கமில்லாதவன் என்று ஒரு வருஷம் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு பேசினாள், ஆனால் அந்த முள் உள்ளேயே கிடந்தது; ஒரே அறையில் இருந்தாலும் அவனை விட்டுத் தள்ளித்தான் உட்காருவாள்.

போன மாதம் பாடம் நடத்தும்போது அவனுக்கு வார்த்தை பாதியில் அறுந்தது. அரை நிமிஷம் சுவரை வெறித்தபடி நின்றான். மூன்றாம் தடவையும் அப்படி ஆனதும், டாக்டர் எழுதிய சீட்டோடு அக்காவின் அறை வாசலில் வந்து நின்றான்.

"வேற ஆளை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். உன் கைன்னா பயமில்ல."

அவள் வயர்களை ஒட்டி முடித்ததும் கண்ணை மூடிப் படுத்தான். திரையில் அலைகள் சீராக ஓடின. திடீரென்று இடப்பக்கத்துக் கோடுகள் கூர்கூராக எழும்பி அடங்கின. அது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். தாங்காமல், சின்ன வயதில் கூப்பிட்டது போல, "வாலு" என்றாள். மறுபடி சீராகியிருந்த அலை சட்டென்று கலைந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டதும் கோடு மாறிச்சு."

'பார்த்தியா, எல்லாம் மூளைதான்னு நான் அப்பவே சொன்னேன்ல' என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கண் கலங்கியது. "அப்பா நம்மகிட்ட வெச்ச பாசமும் அவர் தலைக்குள்ளதான் இருந்துச்சுக்கா. அது நின்னப்போ, வேற எங்கயோ இருக்கார்னு நீ தேத்திக்கிட்ட. எனக்கு அதுவும் இல்ல."

அவள் வயர்களைக் கழற்றி, முடியில் காய்ந்திருந்த பசையை வெந்நீர் விட்டு மெல்லக் கழுவினாள். வேறு யாருக்கும் அவள் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

வலிப்பின் ஒரு வகை என்றார் டாக்டர். மாத்திரை கேட்டது, அவனும் வகுப்புக்குத் திரும்பினான். இருவரும் அவரவர் கட்சியை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அப்பாவின் தும்மல் சத்தத்தைச் சொல்லிச் சிரிக்கிறபோது, இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.