காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

முதலில் அரித்தது காது மடல்தான். கொசு கடித்திருக்கும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். விடிந்தபோது கண்களைத் திறக்க முடியவில்லை. இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. விரல்களால் தடவிப் பார்த்தேன். கையில் பட்டது என் முகம் போலவே இல்லை.

தலைமுடிக்குச் சாயம் பூசி இப்படி அவதிப்படுகிறவர்களும், பூசலாமா என்று யோசிக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு நேர்ந்ததில் பாதி சாயத்தால் வந்தது. மீதி என்னால் வந்தது.

அப்போது, யாழ்ப்பாணத்திலிருந்து பிழைக்க வந்த ஊரான பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே சரக்கு அலுவலகத்தில் நான் கிளார்க். ரப்பர் விலை விழுந்து, எங்கும் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. வயதானவர்களைப் புது மேலதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறார் என்றார்கள். என் முறை மறுநாள் காலை. அன்று மாலை வேலை முடிந்ததும், நரையை மறைக்க நேராகக் கோவிந்தன் கடைக்குப் போனேன்.

கோவிந்தன் எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். பல வருடப் பழக்கம். சீமையிலிருந்து வந்த சாயப் புட்டி ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். அதுவரை யாருக்கும் பூசவில்லை. புட்டியோடு இருந்த ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டினார்.

“ஐயா, இதுல என்னமோ நெறைய போட்டிருக்கான். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. தெரியாம பூசக்கூடாதுல்ல?”

படித்தேன். முதல் வரிகளே தெளிவாக இருந்தன. ஒரு சொட்டைக் காதுக்குப் பின்னால் தடவி, ஒரு பகலும் ஓர் இரவும் கழுவாமல் விட வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அந்த ஆளுக்குப் பூசவே கூடாது.

என்னிடம் ஒரு பகல்கூட மிச்சமில்லை.

“நல்லாக் குலுக்கிப்போட்டுப் பூச வேணுமாம். அரை மணித்தியாலத்திலை கழுவ வேணுமாம்” என்றேன்.

“அவ்வளவுதானா ஐயா?”

“அவ்வளவுதான்.”

கறுத்த தலையைக் கண்ணாடியில் பார்த்து நான் சிரித்ததும் நினைவிருக்கிறது.

காலையில் என் மனைவி பூமணி என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். போகும் வழியிலேயே மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அட்ரினலின் ஊசி (வீக்கத்தைத் தணித்து மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து) போட்டார்கள். தலையை மழித்தார்கள். போரிக் கரைசலில் நனைத்த துணியை முகம் முழுக்கப் போர்த்தினார்கள். அதன் அடியில் எக்ஸிமா (தோல் வெடித்து நீர் கசியும் அழற்சி) பரவிக்கொண்டிருந்தது.

டாக்டர் எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டிலோரம் நின்று பொறுமையாகச் சொன்னார்.

“இதுக்கு அலர்ஜி எண்டு பேர். மற்ற ஆக்களுக்கு ஒண்டும் செய்யாத சாமான் உங்கடை உடம்புக்கு ஒத்துவரேல்லை. இனி ஆயுசுக்கும் இந்தச் சாயம் படக்கூடாது. பூச முந்தித் தோலிலை ஒருக்காச் சோதிச்சுப் பார்த்தவையோ?”

நான் பேசவில்லை. உதடு வீங்கியதால் பேச முடியவில்லை என்று நினைத்திருப்பார்.

ஐந்து நாட்கள் கண் தெரியவில்லை. வாளிச் சத்தம் கேட்டால் காலை. ரொட்டி வாசம் வந்தால் மாலை. பார்வை திரும்புமா என்று கேட்கப் பயந்து கேட்காமலே கிடந்தேன்.

கோவிந்தன் தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். மூன்றாம் நாள் பூமணி பொறுமை இழந்தாள்.

“இவ்வளவும் செய்துபோட்டு என்ன துணிவிலை இஞ்சை வாறியள்? அவரின்ரை கண் போனால் நீங்கள் தாறியளோ?”

“தப்புதாம்மா. மன்னிச்சிருங்க.”

அவ்வளவுதான் சொன்னார். தாளைப் படித்தது நான் என்று சொல்லவில்லை. ஈரத்துணிக்குள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்போது என் வாய் ஓரளவு திறந்தது. பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஆறாம் நாள் இடது கண்ணில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. கூரை விசிறியைப் பார்த்து அழுதேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

தோல் ஆறிய பிறகு, சாயம்தான் காரணமா என்று உறுதி செய்ய, டாக்டர் என் முழங்கையின் உட்புறத்தில் துளியினும் குறைவான சாயத்தைத் தொட்டு வைத்தார். இதைப் பேட்ச் டெஸ்ட் (தோலில் சிறு இடத்தில் வைத்து ஒரு நாள் கவனிப்பது) என்கிறார்கள். மறுநாள் அந்த இடம் சிவந்து கொப்புளமாக நின்றது. ஒரு சின்னக் கொப்புளம். முன்பே அதைப் பார்த்திருந்தால், நரைத்த தலையோடு அலுவலகம் போயிருப்பேன்.

வீடு திரும்பிய வாரம், நடந்ததை விசாரிக்க இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் கோவிந்தனோடு வந்தார். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் கேட்டதால், வாடிக்கையாளர்களுக்குக் காயமோ நோயோ வந்தால் பொறுப்பேற்கும் பாலிசி ஒன்றைக் கோவிந்தன் எடுத்திருந்தார். எந்தச் சாயத்தையும் அதன் தாளில் சொன்னபடிதான் பூச வேண்டும் என்பது நிபந்தனை. மீறியிருந்தால் பாலிசி ரத்து. பாலிசி இல்லையென்றால் கடையும் இல்லை.

“அந்தச் சோதனை செய்யலன்னு இவரே சொல்றாரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. அதான் உங்களக் கேக்க வந்தேன்” என்றார் ஏஜென்ட்.

கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமணி தேநீர்த் தட்டோடு நின்றாள்.

“அவரிலை பிழையில்லை” என்றேன். “அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசிச்சனான். சோதனை செய்யச் சொல்லியிருந்தது. எனக்கு அவசரம். அதை மறைச்சுப்போட்டன்.”

பூமணி தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஏஜென்ட் அதை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பாலிசி பிழைத்தது. இனிச் சாயம் பூச வருகிறவர்களுக்கு முதல் நாளே காதுக்குப் பின்னால் தடவி, மறுநாள் பார்த்து, நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று புது நிபந்தனை போட்டார்கள்.

“ஏன் கோவிந்தன் சொல்லேல்லை?” என்று வாசலில் கேட்டேன்.

“மொகம் அப்படிக் கெடக்கையில எப்படிங்கையா சொல்றது?” என்றார்.

 மறுநாள் பூமணி தனியாகக் கோவிந்தன் கடைக்குப் போய் வந்தாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

வேலை போய்விட்டது. மேலதிகாரி என்னைப் பார்க்காமலே பட்டியலில் சேர்த்துவிட்டார். சாயம் பூசாமல் போயிருந்தாலும் சேர்த்திருப்பாரோ என்னவோ. பல மாதம் யோசித்துக் களைத்து, யோசிப்பதை விட்டுவிட்டேன். பிறகு கிள்ளானில் ஓர் அரிசிக் கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று. வீக்கம் வடிந்ததும் நோய் போய்விட்டதாக நினைக்காதீர்கள். எனக்கு நெற்றித் தோல் மூன்று தடவை உரிந்தது. இப்போதும் அது மெல்லியது. வெயில் ஏறுமுன்பே எரியத் தொடங்கும். புதுக் கறுப்புக் காலுறை போட்டால் அதன் சாயம் பட்டுக் கணுக்கால் தடிக்கும். உடம்பில் எனக்குத் தெரியாத ஒருவர் விழித்திருந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது போல் இருக்கிறது. அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

முடி வளர்ந்தபோது முழு வெள்ளையாக வளர்ந்தது. அந்த வெள்ளைத் தலையோடு முதல் தடவையாகக் கிள்ளான் ரயிலில் ஏறினேன். கூட்டம். கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஒக்காருங்க தாத்தா.”

எனக்கு வயது நாற்பத்தொன்பது. உட்கார்ந்தேன். கால்கள் வலித்தன.