சின்னப்பராஜ் சார் எழுதிய பெயர்

பட்டாளத்தில் இருந்தவர் என்று சொன்னாலே நம் ஆட்கள் துப்பாக்கி, பனிமலை என்று கற்பனையை ஓடவிடுவார்கள். அரியலூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் சின்னப்பராஜ் சார் இருபத்து நான்கு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். பயிற்சிக் காலத்துக்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அவர் கிளார்க். செயலாளர் கருப்பண்ணன் பூலாம்பாடிக்காரர், மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். ஆண்டு மலருக்காக இவர்களுடைய பணி விவரத்தை டைப் அடித்தபோது, "வீரதீரமா ஒண்ணுமே இல்லியா சார்?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? ஒரு நாள் கருப்பண்ணன் சோறு போடலன்னாலும் பட்டாளம் நின்னுடும், நான் லீவு பாரம் எழுதலன்னாலும் நின்னுடும்" என்றார் சார். கருப்பண்ணன் பக்கத்திலிருந்து, "மொதல்ல சோறு, பெறகுதான் பாரம்" என்றார்.

என் பெயர் ஆனி ரோஸ். சங்கத்தின் மனுக்களை எட்டு வருடமாக டைப் அடித்துக் கொடுக்கிறேன். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், காலனியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் என்று எண்ணிக்கையில் குறைந்தவர்களின் சங்கம் இது. வேறு கூட்டங்களில் இவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், பேச வாய்ப்பு வருவதற்குள் டீ வந்து கூட்டம் முடிந்துவிடும். அது பொறுக்காமல் சார் தனியாக ஆரம்பித்தார். அவருக்கு மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஏலாக்குறிச்சி வீட்டைப் பூட்டிவிட்டு தினமும் காலை பஸ்ஸில் வந்துவிடுவார். நடக்க முடியாத உறுப்பினர்களைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போவார். சங்கம்தான் அவருக்கு வீடு, வாசல், குடும்பம் எல்லாம்.

சாருடைய அப்பா மாதா கோயிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். மகனுக்கு ஜெபத்தோடு ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் பட்டாளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே சாருக்குப் பெயர் பால்ராஜ். நாங்கள் சின்னப்பர் என்று கும்பிடும் புனிதர் ஆங்கிலத்தில் பால் என்பதால் தன் பெயரைத் தானே அப்படி எழுதிக்கொண்டாராம். ஓய்வு பெற்று வந்தபின் இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு அபிடவிட் போட்டார், முடிந்தது. பெயர் என்பது அவருக்கு அவ்வளவு சுலபமான சமாச்சாரமாக இருந்தது.

செப்டம்பர் மாதம் வரதராசன்பேட்டையிலிருந்து சூசையம்மாள் என்ற அம்மா, மகள் ஷாலினி மேரியோடு வந்தார். கணவர் கிளமெண்ட் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர், ஜூலையில் இறந்துவிட்டார். விதவைக்கான குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப்போட்டார்கள். பதில் கடிதம் வந்திருந்தது. பதிவேட்டில் கிளமெண்டின் மனைவி பெயர் ஜோசஃபின் என்று இருக்கிறது, மனு செய்திருக்கும் சூசையம்மாள் யார் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

"ஜோசஃபின்னு ஒருத்திதான் பொண்டாட்டியாம் சார். அப்ப நான் யாரு?" என்றார் சூசையம்மாள். குரல் உயரவில்லை. ஆனால் மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"யம்மா, இது எங்களுக்குத் தெனம் வர்ற கேசு" என்றார் சார். "எவனோ கிளார்க் தப்பா எழுதியிருப்பான். ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு அபிடவிட் போட்டா சரியாயிடும். ஆனி, ஒண்ணு அடிச்சிக் கொண்டாம்மா."

அடித்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். சூசையம்மாள் என்பவரும் ஜோசஃபின் என்பவரும் ஒருவரே, அது நானே என்ற வரி வந்ததும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ பேர்ல நான் கையெழுத்துப் போடணுமா? மாட்டேன்."

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லம்மா. எழுத்துப் பெழ."

"பெழயா எழுதுறவன் சூசம்மான்னு எழுதுவான், சூசின்னு எழுதுவான். ஜோசஃபினு எங்கேருந்து சார் வந்தா?"

அந்த அம்மா எழுந்து போய்விட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற எனக்கும் அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் நடுவில் ஷாலினி மேரி தனியாகக் கடைக்கு வந்தாள். ஆண்டிமடத்தில் டீச்சராக இருக்கும் பெண், நிதானமானவள். அன்று அழுதுவிட்டாள்.

"அப்பா போட்டோவ அம்மா எடுத்து பரண்மேல போட்டுட்டாங்கக்கா. கல்லறைக்கு சிலுவ செய்யக் குடுத்திருந்தோம், அத வாங்கவே கூடாதுங்குறாங்க. எங்க பெரியவ பொறந்தப்ப அவரு வரல, அந்த வருசம் கிறிஸ்மஸுக்கும் வரல, அப்பெல்லாம் அவகூடதான் இருந்திருக்காருன்னு ஒவ்வொரு வருசமா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பென்ஷன் வரலன்னா போவுதுக்கா. முப்பத்து மூணு வருசம் குடும்பம் நடத்துனவரு, அவர இப்படி நெனைச்சிக்கிட்டே எங்கம்மா இருந்துடுமோன்னு பயமா இருக்கு. கல்லறைத் திருநாளுக்கும் போவ மாட்டேன்னுட்டாங்க."

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கள் ஊர்ப்பக்கம் எவ்வளவு சண்டை போட்ட வீடாக இருந்தாலும் அன்றைக்கு இறந்தவருக்கு ஒரு மெழுகுவத்தியாவது ஏற்றாமல் இருக்கமாட்டார்கள்.

அப்பாவின் பெட்டியில் கிடைத்தது என்று ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தாள். பங்குக் கோயிலில் கொடுத்த தமிழ்க் கல்யாணச் சான்றிதழை யாரோ ஆங்கிலத்தில் கையால் மொழிபெயர்த்து எழுதிய தாள். அடியில் ஒரு ஆபீசர் கையெழுத்தும் சீலும். நான் மெஷினில் வைக்கப் போனவள் அப்படியே நின்றேன். அந்தக் கையெழுத்தை எட்டு வருடமாகத் தினமும் பார்த்து டைப் அடிக்கிறவள் நான். ஜே எழுத்துக்கு மேலே ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு கோடு போடுகிறவர் இந்த ஜில்லாவிலேயே ஒருத்தர்தான்.

ஷாலினியை அனுப்பிவிட்டு நகலை மாடிக்கு எடுத்துப்போய் சார் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான். அன்னைக்கு எனக்கே நெனப்பு வரல" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆபீஸில் மற்ற கிளார்க்குகளுக்கு நம் பெயர்கள் வாயில் நுழையாது. சவரிமுத்துவை சாப்ரி மோத்தி என்று எழுதி, கூப்பிட்டுச் சிரிப்பார்கள். இவருக்கு அது பொறுக்கவில்லை. எந்தப் புனிதருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது கைவசம் இருந்தது. ராயப்பனைப் பீட்டர் ஆக்கினார். அருளப்பனை ஜான் ஆக்கினார். சூசையப்பர் ஆங்கிலத்தில் ஜோசப், அதனால் சூசையம்மாளை ஜோசஃபின் ஆக்கிவிட்டார். இன்னொருவர் மனைவியின் பெயரை இப்படி மாற்றுகிறோமே என்று ஒரு நாளும் தோன்றவில்லையாம். நம் ஆட்களுக்குக் கௌரவமான பெயர் வாங்கிக் கொடுத்த மாதிரிதான் இருந்ததாம்.

"எத்தன பேருக்கு சார்?"

"ஆறு வருசம் அந்த சீட்ல இருந்தேன்."

"சரி, கெளம்புங்க. இப்பவே போயி அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடுவோம்."

"அவசரப்படாத ஆனி. நம்ம மெம்பருங்க பாதிப்பேரு சர்வீஸ் புத்தகத்துல என் கைவரிசை இருக்கும். அவங்க பேர்க்குழப்பத்துக்கெல்லாம் நான்தான் ஓடி ஓடி மனு எழுதிக் குடுத்திருக்கேன், தெய்வம் மாதிரின்னு கும்புட்டானுவ. நான் வச்ச வெனைக்கு நானே வைத்தியம் பாத்திருக்கேன்னு தெரிஞ்சா என்னை இங்க உக்கார வுடுவானுவளா? வேற ஏதாவது ரூல் இருக்கான்னு பாக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தம்மா செத்துப்போன மனுசனத் தெனம் தெனம் சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க ரூல் பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன். அவர் நாலு நாள் ஆபீஸுக்கு வரவில்லை. பேசியது அதிகமோ என்று எனக்கே பாவமாக இருந்தது. அந்த ஆபீஸை எடுத்துவிட்டால் அந்த மனிதருக்கு மிச்சம் இருப்பது பூட்டிக்கிடக்கும் ஒரு வீடு மட்டும்தான். பிறகு வந்தார். வந்து என்னிடம் பேசாமல் மேலே போனார், பேசாமல் இறங்கிப் போனார். பத்து நாள் இப்படியே ஓடியது.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது வெளியே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, ஷேவ் செய்த முகம். "வரதராசன்பேட்ட வரைக்கும் வரியாம்மா? தனியாப் போவ தைரியம் இல்ல" என்றார்.

முந்தின நாளே கருப்பண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி, தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டாராம். கருப்பண்ணன் என்ன சொன்னார் என்று பஸ்ஸில் கேட்டேன். "எங்க சம்பந்தி ராயப்பன் பென்ஷனுக்கு ஒரு வருசம் அலைஞ்சானே தலைவரே, அதுவும் ஒங்க வேலதானான்னு கேட்டாரு. ஆமான்னேன். கடுதாசிய வாங்கி சட்டப் பையில வச்சிக்கிட்டாரு. வேண்டாம்னு சொல்லல."

வரதராசன்பேட்டையில் தெரு முழுக்கச் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியுமாக இருந்தது. சூசையம்மாள் வீட்டில் மட்டும் ஒரு பூவும் இல்லை. அவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஷாலினி நாற்காலி போட்டாள். சார் உட்காரவில்லை.

"ஜோசஃபின்னு யாருமே இல்லம்மா. அந்தப் பேர எழுதுனது நான்தான்."

அந்த அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே, "கையெழுத்து வாங்கறதுக்கு இப்படி ஒரு பொய்யா சார்?" என்றார்.

சார் ஷாலினியிடம் ஒரு வெள்ளைத் தாளும் அந்தப் பழைய மொழிபெயர்ப்புத் தாளும் கேட்டு வாங்கினார். சுவரில் தாளை வைத்து, மொழிபெயர்ப்பின் முதல் மூன்று வரியை அப்படியே எழுதினார். கூரை போட்ட ஜே வந்து விழுந்தது. ஷாலினி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒரே கையெழுத்தும்மா" என்றாள். சூசையப்பர் எப்படி ஜோசப் ஆனார், சூசையம்மாள் எப்படி ஜோசஃபின் ஆனார் என்று சார் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எம் பேர எழுதத் தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும்மா. நம்ம பேரயெல்லாம் அங்க கேலி பண்ணுவானுவ. நல்லா இருக்கட்டுமேன்னு மாத்துனேன்."

"நல்லா இல்லாம என்ன சார் எம் பேருக்கு?"

அந்த அம்மா உளுந்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு வேறு குரலில், "அவரு அப்ப என்ன சொன்னாரு? பொண்டாட்டி பேரு மாறுதேன்னு ஒண்ணுமே கேக்கலையா?" என்றார்.

சிரித்தார் என்று சொல்லிவிடுங்கள் சார், வேண்டாம் என்றார் எனச் சொல்லிவிடுங்கள், எதையாவது நல்லதாகச் சொல்லித் தொலையுங்கள் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"நெனப்பு இல்லம்மா" என்றார் சார். "அவரு மொகமே நெனப்பு இல்ல. தாளு வரும், எழுதுவேன், ஆபீசர் கையெழுத்துப் போடுவாரு, அடுத்த தாளு வந்துடும். அவருகிட்ட நான் ஒரு வார்த்த பேசுனதாக்கூட நெனப்பு இல்ல."

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் சூசையம்மாளின் முகம் அப்போதுதான் மாறியது.

"பொய் சொல்ல வந்தவரா இருந்தா இந்நேரம் ஏதாச்சும் நல்லதாச் சொல்லியிருப்பீங்க" என்றார். முறத்தைக் கீழே வைத்தார். "நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். தப்பா எழுதுனது நீங்க, நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"போடறேம்மா. சத்தியம் பண்ணி எழுதித் தரேன். நேர்ல கூப்புட்டாலும் போயி சொல்றேன்."

"எம் பேரு எம் பேராவே வரணும்."

"வரும்மா."

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். ஷாலினி ஏணி எடுத்துப்போகும் சத்தம் கேட்டது. கிளமெண்டின் போட்டோவை முந்தானையால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நாலு மணிக்கு ஃபாதர் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று செருப்புகூடப் போடாமல் நடந்தார். வழியில் ஷாலினி ஓடிப்போய்ப் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிவந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லறைகளும் வெள்ளையடித்து மாலை போட்டு இருந்தன. கிளமெண்டுடையது புல் மண்டிய வெறும் மண்மேடு, சிலுவையும் இல்லை. சார் முட்டிபோட்டுக் கையாலேயே புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். சூசையம்மாள் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மண்ணில் நட்டு, காற்று படாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.

"ஏங்க, நான்தான். சூசையம்மா வந்துருக்கேன்" என்றார். "ரெண்டு மாசமா ஒங்கள என்னென்னமோ பேசிட்டேங்க."