பின்பக்கப் படியில் ஓர் ஆபீஸ்

எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஆபீஸ். ஆனால் மூன்று மாதமாக நான் அந்த ஆபீசுக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். முதல் வாரம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் போன் செய்து திட்டுவார்கள். பொறுமையாகக் கேட்டு விவரம் சொல்ல வேண்டும். மனைவிக்கு இங்கே விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாள். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். மகளுக்கு மூன்றரை வயது, அடுத்த ஜூனில்தான் ஸ்கூல். பகலெல்லாம் அவள் என் பொறுப்பு. "வூட்டுல ஒக்காந்துக்கினே சம்பளம், குடுத்து வச்சவரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வந்து இருந்து பார்த்தால் தெரியும்.

தன் அம்மாவின் ஆபரேஷனைப் பற்றி ஒருவர் போனில் தழுதழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்து, "அப்பா, ஆய் வந்துடுச்சி" என்றாள். ஹெட்செட் அதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டது. அந்தப் பதிவைக் கேட்ட மேனேஜர் கோபப்படக்கூட இல்லை. "இன்னொரு தடவை குழந்தை சத்தம் கேட்டா சென்னைக்கே வந்துடுங்க சார். இங்க சீட் இருக்கு" என்றார், அவ்வளவுதான். சென்னை என்றால் ஏதாவதொரு மேன்ஷனில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளைப் பார்க்க வேண்டும். வேலையை விடலாம் என்றால் ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்து தட்டால் கதவை அடித்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கொண்டார். அவர்தான் அந்த யோசனையையும் சொன்னார்.

"நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரிஞ்சிதானே தம்பி அழுவுது? டாட்டா காட்டிட்டுக் கெளம்புங்க. அப்பறம் சுத்திக்கினு வந்து பின்னாடி படியில ஏறிக்கிங்க."

அப்படியே செய்தேன். காலையில் பேண்ட், சட்டை, தோளில் பை. "போயிட்டு வரேன் கண்ணு" என்பேன். "பாத்துப் போ" என்று அவள் பெரிய மனுஷியாகக் கையாட்டுவாள். வண்டியைத் தெருமுனை டெய்லர் கடையில் விட்டுவிட்டு, சந்து வழியாகத் திருடனைப் போல நடந்து வந்து பின்பக்கப் படியேறுவேன். என் வீட்டு அடுப்பில் வெந்த சோற்றை அதே அடுப்புக்கு மேலே மாடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டேன். சாயங்காலம் வண்டியை எடுத்துவந்து வாசலில் ஹாரன் அடித்தால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். "இன்னிக்கி ரயில்வே கேட்டு போட்டுட்டாங்களா? ரயிலு பாத்தியா?" என்று கேட்பாள். பார்த்தேன் என்று பெட்டிகளை எண்ணிச் சொல்வேன்.

எங்கே இருக்கிறேன் என்பதே எனக்குக் குழம்ப ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் மனைவி போன் செய்து, "பாப்பா சாப்புட்டாளா?" என்று கேட்டாள்.

"தெரியலியே, நான் ஆபீசுல இருக்கேன்" என்றேன். சத்தியமாக, யோசித்துச் சொல்லவில்லை.

"ஏங்க, அவ கீழதானே இருக்கா?" என்றாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கீழே தொப்பென்று ஒரு சத்தம். "ஐயோ, புள்ள ஜன்னல் திண்டுலேர்ந்து வுழுந்துடுச்சே" என்று அக்கா அலறினார். குழந்தையின் அழுகை மட்டும் கேட்கவே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. பேசிக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தடதடவென்று படியிறங்கிப் பின்கதவில் கை வைத்தேன்.

வைத்த கை நின்றுவிட்டது. இப்படி உள்ளே போனால் நான் மாடியில் இருந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். நாளையிலிருந்து மறுபடியும் தட்டு, மறுபடியும் கதவு, பிறகு சென்னை. இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா, இல்லை, மூன்று மாதப் பழக்கத்தில் கால் தானாகத் திரும்பியதா, எனக்குத் தெரியவில்லை. சந்து வழியாக டெய்லர் கடைக்கு ஓடினேன். வண்டியை எடுத்தேன். முன்வாசலுக்கு வந்தேன். ஹாரன்கூட அடித்தேன். என்ன மனுஷன் நான்?

அவளுடைய தாடை கிழிந்து அக்காவின் புடவையெல்லாம் ரத்தம். அவள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். அப்போதும் அவள் அழாததால், "தைரியமான பாப்பா" என்றார் நர்ஸ். எனக்கு அது சரியாகப் படவில்லை. சட்டைப்பையில் மேனேஜரின் அழைப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.

அக்கா மாத்திரை வாங்கப் போனார். பெஞ்சில் என் மடியில் உட்கார்ந்திருந்தவள், தாடை அசையாமல் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, நான் சத்தமே போடல. நீ மேல பேசிக்கினு இருந்தல்ல?"

"நான் மேல இருக்கேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாற்காலிய இழுப்பியே, கீழ கேக்கும்." இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் வுழுந்ததும் நீ படியில எறங்குனது கேட்டுச்சி. வரேன்னு பாத்துக்கினே இருந்தேன். கதவுகிட்ட வந்துட்டு ஏம்பா போயிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு வரணும்ல கண்ணு, அதான் வண்டி எடுக்கப் போனேன்" என்றேன்.

"சரி" என்றாள். நான் சொன்னதை நம்பினாளா, நம்பாமலே எனக்காகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.